தேதி இல்லாத விடுதலை

2022 நவம்பர் 11 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்த ஆறு பேரையும் விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுநாள் அவர்கள் சிறை வாசலைத் தாண்டினார்கள். முப்பத்தோரு ஆண்டுக் காவல் முடிந்தது. ஆனால் அவர்களில் இலங்கைக் குடிமக்களான நால்வரும் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சிறப்பு முகாமுக்கு அவர்களைக் கொண்டுபோனார்கள். சட்டத்தின் கணக்கில் அது சிறை இல்லை; ஆனால் விரும்பியபடி வெளியே போகவும் முடியாது. அந்த நால்வரில் ஒருவரான சாந்தன், ஊர் திரும்பும் ஏற்பாடுகள் கூடிவந்த நேரத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணத்துக்கு உடல்தான் போய்ச் சேர்ந்தது.

எல்லா ஆயுள் சிறைவாசிக்கும் இப்படி நேர்வதில்லை. அந்த வழக்கே தனி ரகம். ஆனாலும் விடுதலை உத்தரவு வேறு, விடுதலையாகிப் போய் வாழ ஓர் இடம் வேறு என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டிய சம்பவம் அண்மையில் இன்னொன்று இல்லை. முதலாவதற்காக வழக்கறிஞர்களும் இயக்கங்களும் பல ஆண்டுகள் போராடுகிறார்கள். இரண்டாவதை யார் தயார் செய்வது என்று கேட்டால் சிறைத்துறை குடும்பத்தைக் காட்டும், குடும்பம் அரசைக் காட்டும். இந்தியச் சிறைகளில் தண்டனை பெற்று இருப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆயுள் தண்டனைக்காரர்கள் என்று 2019-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. ஆகவே இது ஏதோ சிலரைப் பற்றிய கேள்வி இல்லை.

தயாரிப்பு என்றதும் நமக்குத் தையல் மெஷினும் கம்ப்யூட்டர் வகுப்பும் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு முன்னால் தேவைப்படுவது ஒரு தேதி. மூன்று வருடத் தண்டனைக்காரனுக்கு அது உண்டு. மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது தான் வெளியே இருப்போம் என்று அவனால் கணக்குப் போட முடியும். ஆயுள் சிறைவாசிக்கு அந்தக் கணக்கே கிடையாது.

“ஆயுள் என்றால் பதினாலு வருஷம்” என்பது டீக்கடைச் சட்டம். சிலர் இருபது என்பார்கள். இரண்டும் தவறு, ஆனால் இரண்டுக்கும் தனித்தனி ஆதாரம் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தண்டனையின் பின்னங்களைக் கணக்கிடுவதற்காக மட்டும் ஆயுளை இருபது ஆண்டு என்று எடுத்துக்கொண்டது. பதினான்கு, 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவிலிருந்து வந்தது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர் குறைந்தது பதினான்கு ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475-ஆம் பிரிவு. அது கீழ்வரம்பு மட்டுமே. பதினான்கு முடிந்தால் கதவு திறக்கும் என்று எங்கும் எழுதியில்லை. ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும்தான் என்று கோபால் கோட்சே வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2008-இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் இன்னொரு படி மேலே போய், தூக்குக்குப் பதிலாக, தண்டனைக் குறைப்பே இல்லாத நீண்ட ஆயுளை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. 2015-இல் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மையும் அதை ஏற்றது.

இந்த மூடுபனிக்குள் தமிழகத்தில் தேதியைத் தருவது தலைவர்களின் பிறந்தநாள். 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் சிறைவாசிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஏழு ஆண்டு கழித்திருந்தாலே போதும் என்று அப்போது வரையறுத்தார்கள். பதினான்கு ஆண்டு வரம்பு எங்கே போயிற்று என்று கேட்கலாம். ஆளுநருக்கு அரசியல் சாசனத்தின் 161-ஆம் பிரிவு தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரத்தை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. மாரு ராம் வழக்கில் 1980-லேயே தெளிவான விஷயம் அது. 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, அப்போது பத்து ஆண்டு. 2021 செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 பேர் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒவ்வொரு அரசாணையிலும் விலக்குகளின் பட்டியல் மாறுகிறது. ஒரு முறை தகுதி பெற்றவர் அடுத்த முறை பெறாமல் போகலாம். பக்கத்து செல்காரர் போகிறார், இவர் இருக்கிறார். காரணம் நடத்தையில் இல்லை, குற்றப் பிரிவின் எண்ணில் இருக்கிறது.

பிறந்தநாள் விடுதலையை நான் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் பலர் உள்ளேயே இறந்திருப்பார்கள். ஆனால் தயாரிப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இதைவிட மோசமான முறை கிடையாது. பதினைந்து ஆண்டு “வருமா, வராதா” என்று இருந்தவரை ஒரு நாள் காலையில் பெயர் கூப்பிட்டு, துணிமூட்டையையும் கணக்கில் கிடந்த பணத்தையும் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புகிறார்கள். எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் ஒரு கட்டத்தில் வெளியைப் பற்றி நினைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அது தற்காப்பு. அந்தத் தற்காப்போடுதான் அவர்கள் பஸ் ஏறுகிறார்கள்.

நீண்ட சிறைவாழ்க்கை மனிதனை என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒரு நூற்றாண்டாக எழுதிவருகிறார்கள். அமெரிக்கரான டொனால்டு கிளெம்மர் 1940-இல் வெளியிட்ட ஆய்வில், சிறையின் வழக்கங்கள் மெல்ல மெல்ல ஆளுக்குள் இறங்கி அவனுடைய இயல்பாகவே ஆகிவிடுவதை விவரித்தார். மரீகே லீம், மார்ட்டன் குன்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பாஸ்டன் பகுதியில் விடுதலையான 25 ஆயுள் சிறைவாசிகளிடம் பேசி 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யாரையும் நம்ப முடியாமை, சின்ன முடிவைக்கூட எடுக்கத் திணறுவது, கூட்டத்தில் தான் வேற்றாள் என்ற எண்ணம் ஆகியவை அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டன.

இதில் நம் சிறைகளுக்கும் பொருந்தும் ஒரு முரண் இருக்கிறது. உள்ளே நல்ல பெயர் எடுப்பவர் யார்? சொன்ன நேரத்துக்கு எழுந்து, சொன்ன இடத்தில் உட்கார்ந்து, எண்ணிக்கை எடுக்கும்போது ஆஜராகி, எதிர்க்கேள்வி கேட்காமல் இருப்பவர். அவருக்குத் தண்டனைக் கழிவு கிடைக்கிறது. சக கைதிகளைக் கவனிக்கும் கன்விக்ட் வார்டர் ஆகிறார். முன்விடுதலைக் கோப்பில் “நடத்தை திருப்தி” என்று எழுதப்படுகிறது. எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது, விளக்கை எப்போது அணைப்பது என்று எதையுமே அவர் பதினைந்து ஆண்டாகத் தீர்மானித்ததில்லை. விளக்கை அணைப்பது என்ற பேச்சே கிடையாது, பிளாக்கில் இரவெல்லாம் எரியும். வீட்டு இருட்டில் தூக்கம் பிடிக்காமல் அவர் எழுந்து உட்கார்ந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெளியே முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் அவர்தான் தீர்மானிக்க வேண்டும். விடுதலைக்கு எது தகுதியாகக் கருதப்பட்டதோ, அதுவே வெளியில் அவருக்கு ஊனமாகிறது. மாறாக, சண்டை போட்டவர், மனு எழுதியவர், நீதிமன்றம் போனவர் ஆகியோர் வெளியே ஓரளவு சமாளித்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். முடிவெடுக்கும் பழக்கம் அவர்களிடம் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

முதல் சில வாரங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு என்று தெரியவந்தது. அங்கே பெரும் காரணம் போதை மருந்து. அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் சர்க்கரைக்கும் காசநோய்க்கும் உள்ளே தினமும் மாத்திரை வாங்கியவர், வெளியே வந்ததும் எந்தச் சீட்டைக் காட்டி எந்த ஆஸ்பத்திரியில் வாங்குவார்? கையில் பத்து நாள் மாத்திரையும் ஒரு மருத்துவக் குறிப்பும் கொடுத்தனுப்பப் பெரிய திட்டம் தேவையில்லை.

தயாரிப்பு என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் உண்மையாகப் பொருந்தும் ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் விடுப்பு. பரோல் என்று எல்லோரும் சொன்னாலும், தமிழ்நாட்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982 அதைச் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. சாவு, கல்யாணம், கடும் நோய் இவற்றுக்கு அவசர விடுப்பு. மற்றது குடும்ப உறவைக் காப்பதற்கும் வாழ்க்கைக்கான ஏற்பாடுகளைச் செய்வதற்கும். நடைமுறையில் அதை ஒரு சலுகையாகவே நடத்துகிறார்கள். உள்ளூர்க் காவல் நிலையம் “சட்டம் ஒழுங்கு பாதிக்கும்” என்று ஒரு வரி எழுதினால் மனு தள்ளுபடி. பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோ நீதிப்பேராணை மனுவோ போட வேண்டியிருக்கிறது. வக்கீல் வைக்க முடிந்தவருக்கு விடுப்பு, மற்றவருக்கு வரிசை. கிடைத்தாலும் பலருக்கு வழிக்காவலோடு. நான்கு போலீஸ்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, தங்கை கல்யாணத்தில் அண்ணன் எதைக் கற்றுக்கொள்வான்?

இந்த இடத்தில் ராஜீவ் வழக்கையே திரும்பப் பார்க்கலாம். 19 வயதில் 1991-இல் கைதான பேரறிவாளனுக்கு முதல் பரோல் 2017 ஆகஸ்டில்தான் கிடைத்தது, இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு. ஆனால் 2021 மே முதல் பரோல் மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஜாமீனாகி, மே 18-இல் விடுதலையானார். அதாவது விடுதலைக்கு முன் ஏறக்குறைய ஓராண்டு ஜோலார்பேட்டை வீட்டில் தாயோடு இருந்தார். அந்த ஆறு பேரில் ஒருவரான நளினியும் 2021 டிசம்பரிலிருந்து காட்பாடியில் பரோலில் இருந்தபோதுதான் விடுதலை வந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யாவிட்டாலும் அந்த மாதங்கள் இருவருக்கும் நல்ல ஒத்திகையாக அமைந்தன. இலங்கை நால்வருக்கு அவ்வளவு நீண்ட வாய்ப்பு இல்லை. ஒரே வழக்கு, ஒரே நீதிமன்றம், ஏறக்குறைய ஒரே காலம். வெளிவந்த பிறகு நடந்தவையோ இரு வேறு கதைகள்.

இனி காகிதங்கள். ஆதார் பதிவு தொடங்கியது 2010-இல். 2006-இல் உள்ளே போனவருக்கு அது வெறும் சொல். குடும்ப அட்டையில் அவர் பெயரை எப்போதோ நீக்கியிருப்பார்கள். பத்து ஆண்டு விலாசம் கேட்கும் எந்தப் படிவத்திலும் அவரால் எழுத முடிந்த விலாசம் மத்திய சிறை. ஆதார் போன்ற அடையாளச் சான்று இல்லாமல் சிம் கார்டு இல்லை, சிம் இல்லாமல் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லாமல் இன்று பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ்கூடக் கட்ட முடியாது. சிறைகளில் ஆதார் முகாம்கள் நடக்கின்றன, உண்மைதான். ஆனால் வங்கிக் கணக்கு, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு, காப்பீட்டு அட்டைக்கான வருமானச் சான்று எல்லாவற்றையும் விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே முடிக்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று ஒருவர் மீதும் விழவில்லை. நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் உண்டு. அவருடைய வேலையில் பெரும்பகுதி, விடுவிக்கலாமா என்று அறிக்கை எழுதுவது. விடுவித்த பின் என்ன என்பதற்கு அவருக்கு நேரமில்லை.

சொத்து விஷயம் இதைவிடக் கசப்பானது; பெரும்பாலான மறுவாழ்வுத் திட்டங்கள் இதைத் தொடுவதே இல்லை. பன்னிரண்டு ஆண்டு எதிரிடை அனுபவத்தில் இருந்தால் நிலத்தின் உரிமையையே வேற்றாள் கோரலாம் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம். ஆயுள் தண்டனை அதைவிட நீளம். பங்காளிகளுக்குள் அது அவ்வளவு எளிதில் செல்லாது. ஒரு கூட்டுப் பங்குதாரரின் அனுபவம் மற்றவருக்கு எதிரானது என்று நீதிமன்றம் சும்மா ஏற்றுக்கொள்ளாது. ஆனால் தம்பி தன் பேருக்குப் பட்டா மாற்றி, வங்கியில் கடனும் வாங்கியிருப்பான். வழக்குப் போட்டால் குடும்பம் போயிற்று, போடாவிட்டால் நிலம் போயிற்று. கொலையுண்டவரின் சொத்தைக் கொன்றவர் வாரிசாக அடைய முடியாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. குடும்பத்துக்குள் நடந்த கொலைகளில் இது நேரடியாகப் பாயும். மனைவியைக் கொன்றவரும் தகப்பனைக் கொன்றவரும் எந்த வீட்டுக்குத் திரும்புவார்கள் என்ற கேள்விக்குச் சட்டம் பாதி பதிலை ஏற்கெனவே எழுதிவிட்டது. உள்ளே இருக்கும்போதே இலவசச் சட்ட உதவி மையம் ஒவ்வொரு நீண்டகாலச் சிறைவாசியின் சொத்து நிலையையும் ஒரு முறை பார்த்துச் சொன்னால், வெளியே வந்து அரிவாளைத் தேடும் நிலை சிலருக்காவது வராது.

பெண்களின் நிலை வேறு. ஆண் உள்ளே போனால் மனைவியோ தாயோ மனு கொடுத்துப் பார்க்க வருகிறார்கள். வேலூருக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் பிடித்து, பிஸ்கட்டும் பழமும் வாங்கிக்கொண்டு. பெண் உள்ளே போனால் சில மாதத்தில் கணவன் வருவது நிற்கிறது. பிறகு அம்மா மட்டும், அம்மாவும் போன பின் யாருமில்லை. ஆறு வயது வரை பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம். அதன் பிறகு அந்தப் பிள்ளை யாரிடம் வளர்ந்தது, அம்மாவைப் பற்றி அதற்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவள் விடுதலையின் முதல் பிரச்சினை. கையில் தொழில் இருந்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

தொழில் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வேலூரில் காலணி, கோவையில் நெசவு, புழலில் பேக்கரி என்று வேலைகள் இருக்கின்றன. சிறை பஜார்களில் பொருள்கள் விற்கவும் செய்கின்றன. ஆனால் அந்த மெஷின்களும் முறைகளும் வெளிச்சந்தையில் இருப்பவையா என்று யாராவது ஒத்துப்பார்க்க வேண்டும். என் கண்ணில் இவற்றையெல்லாம்விட உருப்படியானது சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க். அங்கே சிறைவாசி முகம் தெரியாத ஆளிடம் பேசுகிறார், பணம் எண்ணுகிறார், க்யூஆர் அட்டையை நீட்டுகிறார், கோபப்படும் வாடிக்கையாளரைச் சமாளிக்கிறார். பெட்ரோல் ஊற்றும் திறமையைவிட இந்தப் பழக்கம் பல மடங்கு மதிப்புள்ளது. கூலியைப் பொறுத்தவரை, சிறைவாசியின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் தரவேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவருக்குப் போகவேண்டும் என்று 1998-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிடித்தம் போகக் கையில் மிஞ்சுவது வெளியே ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் காணுமா என்பதே சரியான அளவுகோல்.

படிப்பு சிலரை நிமிர்த்தியிருக்கிறது. மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டுச் சிறையில் இருந்த தியாகு அங்கேதான் மார்க்ஸின் மூலதனத்தைத் தமிழாக்கினார். பேரறிவாளன் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டங்கள் பெற்றார். இவர்களை உதாரணமாக நீட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. இவர்களுக்காக வெளியே காத்திருந்த தோழர்களும் தாய்மார்களும் இருந்தார்கள். படித்ததால் மட்டும் நிமிர்ந்தார்கள் என்பது பாதி உண்மை.

இனி ஊர். தென் மாவட்டக் கொலை வழக்குகளில் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே ஊர், பல நேரம் ஒரே வகையறா. பதினைந்து ஆண்டில் இவருடைய தலை நரைத்திருக்கும். அந்தப் பக்கம், அப்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை இளந்தாரி ஆகியிருப்பான். பழிக்குப் பழி என்ற பயம் கற்பனை இல்லை. விடுப்பில் வந்தவர்கள் வெட்டுப்பட்டதுண்டு. ஆக, முன்விடுதலைக் கோப்பில் போலீஸ் எழுதும் “ஊரில் அமைதி கெடும்” என்பது எப்போதும் பொய்க் காரணமில்லை. ஆனால் அமைதி கெடும் என்று எழுதுவதோடு கோப்பு மூடப்படுகிறது. அமைதியை உண்டாக்க யாராவது அந்தக் குடும்பத்திடம் போய்ப் பேசினார்களா என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டுச் செய்யும் தயாரிப்பு எப்படி முடியும் என்பதை 2022 ஆகஸ்ட் 15 காட்டியது. குஜராத் கலவரத்தின்போது நடந்த கூட்டு வன்கொடுமை, கொலைகள் தொடர்பான பில்கிஸ் பானு வழக்கில் தண்டிக்கப்பட்ட பதினொரு பேரை குஜராத் அரசு விடுவித்தது. அவர்களை மாலை போட்டு, இனிப்புக் கொடுத்து வரவேற்றார்கள். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. சிறைவாசிகளின் உரிமைக்காகப் பேசுகிறவர்களில் சிலர் இந்த வழக்கைத் தொடத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. விடுதலை சட்டம் சொல்லும் முறைப்படிதான் நடக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் தர்க்கம், பெயர் தெரியாத ஆயிரம் ஆயுள் சிறைவாசிகளுக்கும் சாதகமானதே.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்றால், ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் 1963 முதல் செய்துகொண்டிருக்கிறார்கள். தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழித்தவர்கள் அங்கே போகலாம், கொலை வழக்குக்காரர்கள் உட்பட. மனைவி, பிள்ளைகளோடு குடியிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, கரண்ட் பில்லைத் தாங்களே கட்டி, மாலை எண்ணிக்கைக்குத் திரும்பி வருகிறார்கள். வளாகத்தைப் பார்த்துக்கொள்ளத் தங்களுக்குள் பஞ்சாயத்து வைத்திருக்கிறார்கள். தமிழகத்திலும் கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பிலும் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. அவை பண்ணைகள்; மதில் இல்லையே தவிர, சம்பாத்தியமும் குடும்பமும் முடிவெடுத்தலும் அங்கே கைதியின் பொறுப்பில் இல்லை. சாங்கானேரின் விசேஷம் காவல் குறைவு என்பதில் இல்லை. அங்கே இருப்பவர் கரண்ட் பில்லுக்கும் அரிசிக்கும் கவலைப்படுகிறார்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முன்விடுதலைக்குத் தகுதி வந்த ஒவ்வொருவரின் கோப்பையும், அவர் மனுப் போடாவிட்டாலும், அரசே எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விடுதலையாகும் தேதி இல்லாவிட்டாலும் பரிசீலிக்கும் தேதி இதனால் கிடைக்கிறது. பதினான்காம் ஆண்டில் பரிசீலனை என்றால் பதின்மூன்றாம் ஆண்டிலேயே காகித வேலையைத் தொடங்கலாம், பத்தாம் ஆண்டிலிருந்து விடுப்புகளை அடுக்கலாம், எதிர்த்தரப்புக் குடும்பத்திடம் ஆள் அனுப்பலாம். ஊருக்குத் திரும்பவே முடியாது என்று தெரிந்தவருக்கு, பூர்வீகம் கேட்காத திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஓர் அறையும் ஒரு கம்பெனி முதலாளியின் ஒப்புதலும் முன்பே ஏற்பாடு செய்யலாம். இப்போது அவர்கள் அங்கே தாங்களாகவே போய்ச் சேர்கிறார்கள், பெயரைப் பாதி மாற்றிக்கொண்டு. உள்ளூர் ஸ்டேஷனில் அவர்களைப் பற்றிய தாள் எப்போது வந்து சேருமோ என்ற பயத்தோடு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீட்டையும் மாற்றிக்கொண்டு.